துருவேறிய அடையாளங்கள்: போர்க்கால மோர்ட்டார் குண்டுகளைக் கண்டறிவதும் சேகரிப்பதும்

முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய ஐரோப்பியச் சிப்பாய்கள் பலர் நினைவுப் பொருளாகக் கொண்டுவந்தது பீரங்கியின் பித்தளைக் கூடு. குண்டு எதிரியின் பக்கம் போய்விடும். அதை உந்தித் தள்ளிய மருந்து எரிந்து தீர்ந்த காலிக் கூடு பீரங்கியின் பின்னாலேயே விழும். அதில் பூவேலை செதுக்கி, பூச்சாடியாக்கி, வீட்டுக் கூடத்தில் வைத்தார்கள். இங்கிலாந்து, பிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளின் பழம்பொருள் சந்தைகளில் அந்தக் கூடுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. மோர்ட்டாரில் அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை. ஸ்டோக்ஸ் வகை மோர்ட்டாரில் உந்துமருந்துத் தோட்டா குண்டின் வாலிலேயே செருகப்பட்டிருக்கும். குண்டோடு அதுவும் பறந்துவிடும். ஆகவே மோர்ட்டார் வெடிபொருளைச் சேகரிக்க விரும்புகிறவர் கூட்டை அல்ல, குண்டையேதான் தேடிப் போகவேண்டும். இந்தத் துறையின் ஈர்ப்பும் ஆபத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன.

நூறாண்டுப் பழைய குண்டு ஒன்றை அடையாளம் காண்பது எப்படி என்பதில் சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகத்தாரும் வெடிகுண்டு அகற்றும் படையினரும் சேர்த்து வைத்திருக்கும் அறிவு பெரியது, மதிக்கத்தக்கது. ஆனால் அந்த அறிவுக்கு ஓர் எல்லை உண்டு என்பது போதுமான அளவு பேசப்படுவதில்லை. குண்டின் உருவம், முத்திரை, வண்ணம் ஆகிய மூன்றும் அது தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளைப் பற்றிப் பேசுகின்றன. அது இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் தேர்ந்த சேகரிப்பாளர்கள்கூட உயிரிழந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் 1914–18 காலத்து மேற்குப் போர்முனையைப் பற்றியது. இன்றைய மோர்ட்டார் உருவானது அங்கேதான். அதன் எச்சங்கள் இன்றும் மண்ணிலிருந்து வெளிவந்துகொண்டிருப்பதும் அங்கேதான்.

பதுங்குகுழிப் போர் தொடங்கியபோது இதற்கு ஓரளவாவது தயாராக இருந்தது ஜெர்மனி மட்டுமே. 1904–05 ரஷ்ய–ஜப்பானியப் போரில் போர்ட் ஆர்தர் முற்றுகையைக் கவனித்த ஜெர்மன் அதிகாரிகள், குறுகிய தூரத்தில் செங்குத்தாக விழும் கனத்த குண்டு தேவை என்று புரிந்துகொண்டார்கள். அதன் விளைவாக ரைன்மெட்டால் நிறுவனம் உருவாக்கியது ‘மீனன்வெர்ஃபர்’. இது 7.58 செ.மீ., 17 செ.மீ., 25 செ.மீ. என மூன்று அளவுகளில் வந்தது. சிறியதன் குண்டு நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். நடு அளவினது ஏறத்தாழ 50 கிலோ. பெரியதன் கனத்த குண்டு 90 கிலோவையும் தாண்டும். எதிர்ப்பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டைகளில் கிடந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு மோர்ட்டார்களைத் தூசி தட்டி எடுத்துவந்தார்கள். பிரிட்டிஷ் படையோ ஜாம் டப்பாக்களில் வெடிமருந்தை அடைத்து எறிந்துகொண்டிருந்தது. 1914 இறுதியில் பிரான்சுக்கு வந்திறங்கிய இந்தியப் படைப்பிரிவு நின்றதும் இந்தப் பற்றாக்குறையின் நடுவில்தான். நியூவ் ஷப்பெல் நினைவிடத்தில் பெயர் பொறிக்கப்பட்ட 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மீனன்வெர்ஃபரைப் பெற்ற பக்கத்தில் அல்ல, அதன் குண்டு வந்து விழுந்த பக்கத்தில் இருந்தவர்கள்.

இந்த அவசரம்தான் சேகரிப்பாளருக்கு இவ்வளவு விதவிதமான உருவங்களைத் தந்திருக்கிறது. பிரிட்டிஷ் 2 அங்குல மோர்ட்டாரின் குண்டு ஏறத்தாழ 19 கிலோ எடையுள்ள இரும்புப் பந்து. அதன் அடியில் நீண்ட எஃகுக் கம்பு ஒன்று. கம்பு மட்டும்தான் இரண்டு அங்குலக் குழாய்க்குள் இறங்கும். பந்து குழாயின் வாயில் வெளியே உட்கார்ந்திருக்கும். சிப்பாய்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘டாஃபி ஆப்பிள்’. குச்சியில் குத்தி, சர்க்கரைப் பாகில் தோய்த்து விற்கும் ஆப்பிளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் உடனே புரியும். 1916 ஜூலையில் சோம் போர் தொடங்கும் முன் ஜெர்மன் முள்வேலிகளை அறுக்க இது ஏராளமாகப் பயன்பட்டது. பிரெஞ்சுக்காரர்களின் 58 மி.மீ. ‘கிராப்பூயோ’வும் இதே முறையில் அமைந்ததுதான்: குழாய்க்குள் தண்டு, வெளியே பருத்த உடல், கூடவே பறக்கும்போது நிலைப்படுத்தும் தகட்டுச் சிறகுகள். கம்பு முறிந்த பிரிட்டிஷ் பந்து தனியாகக் கிடைத்தால், விஷயம் தெரியாதவர் அதை நெப்போலியன் காலத்து பீரங்கி உருண்டை என்றே நினைப்பார். ‘2 அங்குலம்’ என்ற பெயரை வைத்துக்கொண்டு அளவுகோலால் தேடுபவரும் ஏமாறுவார்; பந்தின் விட்டம் அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல்.

இந்தக் கூட்டத்தில் மிக எளிமையானதும், பின்னால் உலகம் முழுக்கப் பரவியதும் வில்ஃப்ரெட் ஸ்டோக்ஸின் வடிவமைப்பு. இப்ஸ்விச் நகரில் பாரந்தூக்கிகள் செய்த ரான்சம்ஸ் அண்ட் ரேப்பியர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் அவர். போர்க்கருவிப் பொறியாளர் அல்லர். 1915 ஜனவரியில் அவர் வரைந்தது ஒரு மொட்டைக் குழாய், அடியில் ஒரு தட்டு, முன்னால் இரண்டு கால். குண்டைக் குழாய்க்குள் நழுவவிட்டால், அடியில் நிலையாக நிற்கும் ஊசியில் வாலின் தோட்டா மோதி வெடிக்கும். குண்டு வந்த வழியே வெளியேறும். ராணுவம் முதலில் நிராகரித்தது. கையிருப்பிலிருந்த மோர்ட்டார் குண்டுகள் இதில் பொருந்தாது என்பது சொல்லப்பட்ட காரணம். வெடிபொருள் அமைச்சராக இருந்த லாயிட் ஜார்ஜ் தலையிட்ட பிறகுதான் உற்பத்தி வேகம் பிடித்தது. 1915 செப்டம்பரில் லூஸ் போரில் இதன் 4 அங்குல வடிவம் புகைக்குண்டுகளை வீசியது. பழகிய குழு 3 அங்குல ஸ்டோக்ஸில் நிமிடத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகளை அனுப்பும். முதல் குண்டு விழுமுன் அடுத்த சில குண்டுகள் வானத்தில் இருக்கும்.

அந்த 3 அங்குலக் குண்டை அருகில் வைத்துப் பார்ப்போம். சுமார் 5 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு உருளை. கூர்மையான மூக்கு கிடையாது, சிறகு கிடையாது; தூரத்திலிருந்து பார்த்தால் தடித்த குழாயை இருபுறமும் மூடி வைத்ததுபோல இருக்கும். உடலின் விட்டம் மூன்று அங்குலம். ஆனால் இரு முனைகளிலும் சற்றுத் துருத்தி நிற்கும் விளிம்புகள் 81 மி.மீ. குழாயில் உரசி இறங்கும். பெயரில் மூன்று அங்குலமும் குழாயில் 81 மில்லிமீட்டரும் இருப்பதன் காரணம் இதுதான். அடிப்பக்கத்தில் ஒரு சிறு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் சுவர் முழுக்கத் துளைகள். 12-போர் வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவை ஒத்த ஒரு தோட்டா அதற்குள் அமரும். எரியும் வாயு அந்தத் துளைகள் வழியே பீறிட்டு வெளியேறும். தூரம் கூட்டவேண்டுமென்றால் குழாயைச் சுற்றி உந்துமருந்து வளையங்களை மாட்டுவார்கள். சிறகு இல்லாததால் குண்டு காற்றில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகும். எந்தப் பக்கம் தரையில் படும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் கையெறிகுண்டின் பாணியில் நேரக் கணக்கில் வெடிக்கும் ஃபியூஸ் பொருத்தினார்கள். பின்னர் எந்தப் பக்கம் மோதினாலும் இயங்கும் ஃபியூஸ் வந்தது. இந்தக் கடைசி விவரத்தைச் சேகரிப்பாளர் மறக்கவே கூடாது. எந்தத் திசை அதிர்ச்சிக்கும் இயங்கவேண்டும் என்றே வடிவமைக்கப்பட்ட ஒரு கருவி நூறு ஆண்டு மண்ணில் கிடந்தபின் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அடையாளம் காண்பதில் நம்பத்தகுந்த முதல் சாட்சி உருவம். இரும்பு அரிக்கப்பட்டாலும் உருளை உருளையாகவே இருக்கும். துளையிட்ட வால்குழாய் அதே வால்குழாய்தான். விட்டம், நீளம், சுவரின் தடிமன், வால் இணையும் விதம் ஆகியவற்றை வைத்தே நாடும் வகையும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இரண்டாவது சாட்சி முத்திரை. ஃபியூஸ் பெரும்பாலும் பித்தளையில் செய்யப்பட்டதால் எழுத்துகள் அதில் நன்றாகத் தங்கும். பிரிட்டிஷ் ஃபியூஸில் எண், ரோம எண்ணில் வடிவ வரிசை, செய்தவரின் முதலெழுத்துகள், மாதமும் ஆண்டும் இருக்கும். ஜெர்மன் சிறிய மீனன்வெர்ஃபரின் ஃபியூஸில் ‘எல்.டபிள்யூ.எம்.’ என்று தொடங்கும் சுருக்கம். நடு, பெரிய அளவுகளுக்குப் பொதுவான ஃபியூஸில் வேறொரு நீண்ட சுருக்கம். உலோகமே ஒரு தேதிதான். போர் நீள நீள, பிரிட்டனின் கடல் முற்றுகையில் செம்பும் பித்தளையும் அருகிப்போக, ஜெர்மன் தொழிற்சாலைகள் துத்தநாகம், இரும்பு, அலுமினியம் என்று மாற்று உலோகங்களுக்கு இறங்கின. ஒரு நாட்டின் பொருளாதாரம் நெரிபடுவதை இந்த ஃபியூஸ்களின் வரிசையில் கண்ணால் பார்க்கலாம். போர்ப் பொருளாதார வரலாற்றாளர்கள் இந்தச் சேகரிப்புகளை இன்னும் கூடுதலாகப் பயன்படுத்தவேண்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது சாட்சியான வண்ணம்தான் மிகவும் ஏமாற்றும். பிரிட்டிஷ் பீரங்கிக் குண்டுகளில் மஞ்சள் உடல் பலத்த வெடிமருந்தைக் குறித்தது. மூக்கருகே சிவப்பு வளையம் ‘நிரப்பப்பட்டது’ என்பதற்கான அடையாளம். அதே போரில் ஜெர்மன் குண்டின் மீது மஞ்சள் சிலுவை இருந்தால் அது மஸ்டர்ட் வாயு. பச்சைச் சிலுவை மூச்சுத்திணற வைக்கும் வாயு. நீலச் சிலுவை முகமூடியைத் தாண்டி எரிச்சலூட்டும் ஆர்சனிக் சேர்மம். இரண்டாம் உலகப் போரின் முற்பகுதியில் அமெரிக்க மோர்ட்டார் குண்டுகள் மஞ்சள் பூசிக்கொண்டு வந்தன. பின்னர் அதே குண்டுகள் ஆலிவ் பச்சையில் மஞ்சள் எழுத்துகளோடு வந்தன. ஆக, மஞ்சள் என்ற ஒரே நிறத்துக்கு நாடு, ஆண்டு, படைப்பிரிவு என்று எத்தனையோ பொருள். அதுவும் வண்ணம் மிஞ்சியிருந்தால்தான். ஃபிளாண்டர்ஸின் ஈரக் களிமண்ணில் பெயின்ட் முதலில் போய்விடும். அப்போது வெடிமருந்துக் குண்டும் வாயுக் குண்டும் ஒரே துருவேறிய கட்டியாகத்தான் தெரியும்.

சுடப்பட்டதா, சுடப்படாததா என்ற கேள்விக்கும் மோர்ட்டார் எளிதில் பதில் தராது. பீரங்கிக் குண்டில் இது பெரும்பாலும் சுலபம்: சுற்றியிருக்கும் செப்பு வளையத்தில் குழாயின் சுழல்வரிகள் பதிந்திருந்தால் அது குழாயைக் கடந்து வந்திருக்கிறது. மீனன்வெர்ஃபர் குண்டில் இந்த விதி செல்லாது. அது முன்வாயிலிருந்து நிரப்பும் ஆயுதமாயினும் குழாயில் சுழல்வரி உண்டு; குண்டு வழுக்கி இறங்குவதற்காக வளையத்தில் தொழிற்சாலையிலேயே பள்ளங்களை வெட்டிவிடுவார்கள். பள்ளத்தைப் பார்த்து “இது சுட்டது” என்று முடிவு கட்டுகிற புதியவர் தவறான பாதையில் போகிறார். இன்னொன்றும் சொல்லவேண்டும். சுட்டும் வெடிக்காத குண்டு ஆபத்தானது, சுடாத குண்டு பாதுகாப்பானது என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. முன்னதில் ஃபியூஸ் பாதி இயங்கி நின்றிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் பின்னதன் வெடிமருந்தும் அதே அளவு பழையது. அதன் பாதுகாப்பு ஊசியும் அதே அளவு துருப்பிடித்தது.

வேதியியல் இங்கே இரக்கம் காட்டுவதில்லை. முதல் உலகப் போரில் பரவலாகப் பயன்பட்ட பிக்ரிக் அமிலம் உலோகங்களோடு சேரும்போது, அதைவிட எளிதில் வெடிக்கக்கூடிய உப்புகளை உண்டாக்கும். டி.என்.டி. பற்றாக்குறையால் ஜெர்மானியர்கள் மீனன்வெர்ஃபர் குண்டுகளில் அம்மோனியம் நைட்ரேட் கலந்த மலிவான வெடிமருந்துகளை நிரப்பினார்கள். மோர்ட்டார் குண்டு மெதுவாகக் கிளம்புவதால் அதன் சுவர் பீரங்கிக் குண்டைவிட மெல்லியது. அதே எடைக்கு உள்ளே அடங்கும் மருந்து கூடுதல். மெல்லிய சுவர் விரைவில் அரிபடும். ஈரம் உள்ளே புகுந்தால் மருந்து செத்துவிடும் என்று ஒருவர் நம்பலாம். சில மருந்துகள் ஈரத்தில் வலுவிழக்கலாம். சிலவற்றுக்கு எதுவும் ஆகாது. சில இன்னும் கூர்மையாகும். வெளியே நின்று பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இந்த உண்மையை அன்றாடம் கையாள்பவர்கள் பெல்ஜியம் ராணுவத்தின் வெடிபொருள் அகற்றும் பிரிவினர். ஈப்ரு நகரை அடுத்த போயல்கப்பல்லே ஊரில் அவர்களுக்கு ஒரு நிலையம் உண்டு. ஆண்டுக்கு 150 முதல் 200 டன் வரை பழைய வெடிபொருட்கள் வந்துசேர்வதாகப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உழும்போது ஏர்முனையில் தட்டுப்பட்டதை விவசாயி சாலையோரக் கம்பத்தடியில் வைத்துவிட்டுத் தகவல் சொல்வதும், ராணுவ வண்டி வந்து எடுத்துப்போவதும் அந்த ஊர்களின் வழக்கம். அங்கே இதற்குப் பெயர் ‘இரும்பு அறுவடை’. நிலையத்தில் ஒவ்வொரு சந்தேகமான குண்டையும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். உள்ளே இருப்பது திரவமா, திடமா என்பதை அந்தப் படம் காட்டிக்கொடுக்கும். திரவமென்றால் வாயுக் குண்டு என்று ஐயப்படலாம். வாழ்நாள் முழுக்க இதே வேலையைச் செய்தவர்களே வெளித்தோற்றத்தை நம்பாமல் எக்ஸ்ரேயை நம்புகிறார்கள் என்பதைச் சேகரிப்பாளர்கள் மனதில் இருத்தவேண்டும். வாயுக் குண்டுகளைப் பிரித்து அழிக்கும் கூடம் அங்கே 1999-ல்தான் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பு வேறு வழிகள் இருந்தன: 1919-ல் க்னோக்கெ–ஹெய்ஸ்ட் கரைக்கு அப்பால் ‘பார்டன்மார்க்ட்’ எனும் மணல்திட்டில் சுமார் 35,000 டன் வெடிபொருட்களைக் கொட்டினார்கள். அவை இன்றும் அங்கேதான் கிடக்கின்றன.

பிரான்சின் கணக்கு இன்னும் கடுமையானது. 1940-களின் நடுவில் அரசு கண்ணிவெடி–குண்டு அகற்றும் துறையை அமைத்தது முதல் அதன் பணியாளர்கள் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். 2001 ஏப்ரலில் விமி நகரில் சேமித்து வைத்திருந்த பழைய வாயுக் குண்டுகளில் கசிவு ஏற்படும் அபாயம் தெரிந்தபோது சுற்றுவட்டாரத்திலிருந்து 12,000-க்கும் மேற்பட்டோரை வெளியேற்ற வேண்டியிருந்தது. 2014 மார்ச்சில் ஈப்ருவில் கட்டட வேலைத்தளத்தில் புதைந்திருந்த குண்டு வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். போர் தொடங்கிச் சரியாக நூறாவது ஆண்டு அது.

இனி சேகரிப்பாளர்கள் பக்கம் வருவோம். இந்தத் துறையில் நேர்மையான பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. ராணுவக் கையேடுகளைத் தேடிப் படிப்பவர்கள். ஒரு ஃபியூஸின் இரண்டு வடிவங்களுக்கு நடுவே மரையின் அளவு ஏன் மாறியது என்று மாதக்கணக்கில் விவாதிப்பவர்கள். அருங்காட்சியகங்கள் தங்கள் கிடங்கிலுள்ள பொருளின் பெயர் தெரியாமல் அவர்களிடம் கேட்பதுண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1953-ல், அமெரிக்க ராணுவம் ஜெர்மன் வெடிபொருட்களைப் பற்றி வெளியிட்ட விரிவான கையேடு, குண்டு அகற்றுவோருக்காக எழுதப்பட்டது; பிற்காலத்தில் அது சேகரிப்பாளர்களின் அடிப்படை நூலாயிற்று. அறிவு இப்படி இரு பக்கமும் ஓடியிருக்கிறது.

அவர்கள் வாங்கும் பொருட்களை எங்கிருந்து வந்தவை என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. மிகப் பாதுகாப்பானவை பயிற்சிக்காகவே வெற்றாகச் செய்யப்பட்டவை: உடலில் ஊடுருவும் துளையிட்டு, உள்ளே எதையும் நிரப்பாமல், நிரப்பும் ஒத்திகைக்குத் தந்தவை. அதற்கு அடுத்தது, ராணுவப் பள்ளிகளில் பாடம் நடத்த நெடுக்காக அறுத்து உள்ளமைப்பைக் காட்டும் மாதிரிகள். அழகிலும் இவையே சிறந்தவை என்பேன். ஸ்டோக்ஸ் குண்டின் வால்குழாயிலிருந்து வாயு எப்படி வெளியேறும் என்பதை ஒரு வெட்டுமாதிரி ஒரே பார்வையில் விளக்கிவிடும். ‘பயிற்சிக் குண்டு’ என்ற பெயரில் இன்னொரு வகையும் உண்டு. இதை வெற்றுக் குண்டு என்று எண்ணிக் குழம்புகிறவர்கள் பலர். எறிந்து பழகுவதற்கான அந்தக் குண்டில் விழுந்த இடத்தைப் புகையால் காட்ட ஒரு சிறு வெடி இருக்கும், உந்துமருந்தும் இருக்கும். பயிற்சிக்கான நீல வண்ணத்தைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

கடைசி வகை, மண்ணிலிருந்து யாரோ தோண்டியெடுத்து, யாரோ ‘காலி செய்து’, மேசைமேல் வைக்கப்படுவது. சந்தையில் விலை குறைவாகவும் தொகையில் மிகுதியாகவும் வருவது இதுதான். அதைக் காலி செய்தவர் யார், எப்படிச் செய்தார், மூக்கில் டெட்டனேட்டர் மிஞ்சியிருக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. பிரிட்டனில் தகுதிபெற்றவர்கள் சோதித்து, ‘வெடிமருந்து அற்றது’ என்று சான்றிதழ் தரும் நடைமுறை இருக்கிறது. சான்றிதழ் இல்லாத தோண்டியெடுத்த குண்டை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது என்பதில் எனக்கு ஊசலாட்டம் இல்லை. அப்படி வாங்கும் ஒவ்வொருவரும் இரவில் டார்ச்சுடனும் உலோகம் கண்டறியும் கருவியுடனும் வயலில் இறங்கும் அடுத்த ஆளுக்குக் கூலி கொடுக்கிறார்.

அனுபவம் காப்பாற்றும் என்பது நம்பிக்கை மட்டுமே. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்நாட்டுப் போர்க்காலக் கடற்படைக் குண்டு ஒன்றைத் தன் வீட்டு முற்றத்தில் சுத்தம் செய்துகொண்டிருந்தவர், அது வெடித்து இறந்தார். அது மோர்ட்டார் குண்டு அல்ல; மருந்தும் பழைய கரிமருந்து. ஆனாலும் அந்த நிகழ்வு இத்துறை முழுவதையும் உலுக்கியது. காரணம் அவர் புதியவர் அல்லர். பிற சேகரிப்பாளர்கள் தங்கள் குண்டுகளை நம்பிக் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லும் அளவுக்கு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கையாண்டவர். நூற்று நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய குண்டு அது.

போலிகளின் பிரச்சினை வேறு வகையானது. உயிரைக் கெடுக்காது, வரலாற்றைக் கெடுக்கும். ஒரு குண்டின் உடலோடு இன்னொன்றின் வாலைப் பற்றவைப்பது, புதிதாக வண்ணம் பூசிப் பழைய எழுத்துகளை அச்சிடுவது, சாதாரண வகையை அரிய வகையாகக் காட்ட முத்திரையை மாற்றுவது எல்லாம் நடக்கின்றன. உடலில் ஆழமான துருக்குழிகளும் வாலில் வழவழப்பும் இருந்தால் இரண்டும் ஒரே மண்ணில் ஒன்றாகக் கிடந்தவை அல்ல. இப்படி ஒட்டுப்போட்ட பொருள் ஒருமுறை படமாகி நூலில் ஏறிவிட்டால், அடுத்து வருபவர் அதை வைத்தே தன் பொருளை ‘உறுதிசெய்வார்’.

தோண்டுவதை எதிர்ப்பதற்கு வெடிமருந்து மட்டும் காரணமல்ல. ஈப்ருவின் மெனின் வாயிலில் கல்லறை அறியப்படாத 54,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் சுற்றியுள்ள அதே வயல்களில்தான் கிடக்கிறார்கள். 2018-ல் வைட்ஸ்காட்டெ ஊரருகே ‘80-ஆம் குன்று’ அகழாய்வில், பொதுமக்கள் நன்கொடையோடு தொல்லியலாளர்கள் ஒரு ஜெர்மன் பதுங்கு அரணை முறைப்படி தோண்டினார்கள். நூறு வீரர்களுக்கும் மேல் எச்சங்கள் வெளிவந்தன. அத்தகைய அகழாய்வில் ஒரு மோர்ட்டார் குண்டுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஜெர்மன் குழியின் தரையில் ஸ்டோக்ஸ் குண்டு கிடந்தால், அது விழுந்து வெடிக்காதது. பிரிட்டிஷ் நிலவறையில் அடுக்கியிருந்தால், சுட நேரமில்லாமல் விட்டுப்போனது. எந்த அடுக்கில், யார் பக்கத்தில், எந்தத் திசையில் என்பது தெரிந்தால் ஒரு பிற்பகலின் தாக்குதலையே மீட்டெடுக்கலாம். அதே குண்டை இரவில் பிடுங்கிச் சந்தையில் வைத்தால் எஞ்சுவது ஐந்து கிலோ இரும்பு. பிரான்சில் வரலாற்றுப் பொருள்களைத் தேட உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்த அரசு அனுமதி வேண்டும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸில் 2016 முதல் அதற்கு அங்கீகாரம் பெற்றாகவேண்டும். இந்தச் சட்டங்களைச் சேகரிப்பாளர்கள் தங்களுக்கு எதிரானவையாகப் பார்ப்பது வருத்தம் தருகிறது.

போர்களுக்கு நடுவே பிரெஞ்சுக்காரரான எட்கார் பிராண்ட் ஸ்டோக்ஸின் குழாயை வைத்துக்கொண்டு குண்டை மாற்றினார்: மழைத்துளி வடிவ உடல், வாலில் சிறகு, மூக்கில் ஃபியூஸ். பிரெஞ்சு ராணுவம் ஏற்ற 1927/31 மாதிரிதான் பின்னால் பல நாடுகளுக்கு வார்ப்பாயிற்று. அமெரிக்காவின் 81 மி.மீ., ஜப்பானின் 97-ஆம் வகை, சோவியத்தின் 82 மி.மீ. எல்லாம் அதன் வழிவந்தவையோ அதை ஒத்தவையோதான். இதனால் இரண்டாம் உலகப் போர் குண்டுகளில் உருவம் என்ற முதல் சாட்சி தளர்ந்துவிடுகிறது. சிறகுகளின் எண்ணிக்கை, முத்திரையின் அமைப்பு போன்ற நுணுக்கங்களை நம்பவேண்டியிருக்கிறது. ஜப்பானின் 89-ஆம் வகை 50 மி.மீ. எறிகருவி மட்டும் தனித்து நிற்கிறது. அதன் குழாயில் சுழல்வரி உண்டு. குண்டின் அடியிலுள்ள மருந்துக் குப்பியின் செப்புச் சுவர் வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும். வளைந்த அடித்தட்டைப் பார்த்து, தொடையில் ஊன்றிச் சுடுவது என்று நினைத்து ‘முழங்கால் மோர்ட்டார்’ என்று பெயர் வைத்தார்கள். அப்படிச் சுட்டுப் பார்த்தவர்கள் காயப்பட்டார்கள்.

அந்தக் குண்டுகள் இந்திய மண்ணிலும் கிடக்கின்றன. 1944 மார்ச் முதல் ஜூலை வரை இம்பாலிலும் கோகிமாவிலும் நடந்த சண்டைகளின் மிச்சம் மணிப்பூரிலும் நாகாலாந்திலும் நிலம் தோண்டும்போது அவ்வப்போது தலைகாட்டுகிறது. அங்குள்ள ஆர்வலர்கள் சிலர் மலைகளில் ஏறிப் போர்த்தடயங்களைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். இம்பாலுக்கு அருகே மைபம் லோட்பா சிங் குன்றடியில் 2019-ல் திறக்கப்பட்ட அமைதி அருங்காட்சியகம் அந்த நினைவுக்கு ஒரு கூரை தந்தது. ஆனால் இந்தியச் சேகரிப்பாளர் ஒரு சட்டத்தை மறக்கக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வெடிபொருளுக்கான வரையறை குண்டுகள், எறிகுண்டுகள், ஃபியூஸ்கள் மட்டுமல்லாமல் அவற்றின் பகுதிகளையும் உள்ளடக்கியது. ஐரோப்பியச் சந்தையில் பூச்சாடிபோல விற்கும் பொருளை இங்கே அலமாரியில் வைத்திருப்பது வேறு விஷயம்.

இலங்கையின் வன்னியில் இந்தப் பேச்சே வேறாகும். 2009 வரை நீடித்த போரின் எறிகணைகள் தென்னந்தோப்பிலும் குளக்கரையிலும் கிடக்கும் நிலத்தில், அவற்றை எடுப்பவர் சேகரிப்பாளர் அல்லர். பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்கும் ஏழை, அல்லது விளையாட வந்த பிள்ளை. கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள் அங்கே பள்ளிதோறும் கற்பித்துவருவது இனங்காணும் கலையை அல்ல. தொடாதே, குறித்துவை, சொல் என்ற மூன்றைத்தான்.

மேற்குப் போர்முனைச் சேகரிப்புகளில் இன்று அவசரமான வேலை புதிதாகச் சேர்ப்பது அல்ல. 1960-களிலும் 70-களிலும் சேகரிக்கத் தொடங்கிய தலைமுறை மறைந்துவருகிறது. கொட்டகையில் அடுக்கிய குண்டுகளில் எது பயிற்சி மாதிரி, எது சான்றிதழ் பெற்றது, எது வயலிலிருந்து வந்தது என்பது ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தது. வாரிசுகள் அதை அறியார். ஒவ்வொரு பொருளோடும் ஓர் அட்டை இருக்கவேண்டும்: வகை, முத்திரைகளின் நேர்ப்படி, அளவும் எடையும், எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து எப்போது வந்தது, வெடிமருந்து அற்றது என்று சோதித்தவர் யார், எந்த ஆண்டு. ஒப்பிட்டுப் படிக்க, நல்ல வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் எடுத்த படங்கள் வேண்டும். அட்டை இல்லாத குண்டு வீட்டில் இருந்தால் அதைக் கழுவவும் வேண்டாம், திருகிப் பார்க்கவும் வேண்டாம், காரில் வைத்துக் காவல்நிலையத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அறையைப் பூட்டி, காவல்துறைக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும். சோதித்து முடித்தபின் அது வெற்று மாதிரி என்று தெரிந்தால், அட்டையில் நிரப்பவேண்டிய முதல் வரி கிடைத்துவிடும்.